அறுபது ரூபாய் பார்க்கிங்கும் அப்பாவின் மணிக்கட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு.

அப்பாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் இன்றைக்கும் பெரிய கடைத்தெருவுக்கு நடந்து போய், நாலு பேரிடம் பேசி, பையை ஆட்டிக்கொண்டு திரும்பி வருகிற ஆள். வருஷத்தில் இரண்டு மாதம் குர்காவில் எங்களோடு இருப்பார். (குருகிராம் என்று 2016-ல் பெயர் மாற்றிவிட்டார்கள். வாய் வரமாட்டேன் என்கிறது, மன்னிக்கவும்.) எங்கள் சொசைட்டி கேட்டிலிருந்து மால் 400 மீட்டர். அதன் பேஸ்மென்ட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட். இப்போதைக்கு நாங்கள் நடந்து போய்க் காய்கறி வாங்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

மாலுக்கு முன்னால் நடைபாதை இருக்கிறது. வரைபடத்தில். நேரில் அதன்மேல் பைக்குகள் நிற்கும். அதை ஒட்டிய சர்வீஸ் லேனில் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு சந்து. நடந்து போகிறவர் அந்தச் சந்தில்தான் நடந்தாக வேண்டும். அப்பா நடந்தார். நின்றிருந்த ஒரு கார் பின்னால் வந்தது. அவர் சட்டென்று விலக, கால் தளக்கல்லில் தட்டி, கையை ஊன்றி விழுந்தார். கார் அவரைத் தொடவே இல்லை.

காரை ஓட்டிய பையன் ஓடவில்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் சட்டைப் பையிலிருந்த சீட்டில் என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கும் அவனே கொண்டு போய்ச் சேர்த்தான். நான் போய்ச் சேர்ந்தபோது எக்ஸ்ரே அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவனே சொன்னான், "அங்கிள், பத்து நிமிஷ வேலை. கேக் வாங்க வந்தேன். உள்ளே போனால் அறுபது ரூபாய். வெளியே வர கால் மணி நேரம் வரிசை. அதனால்தான் வெளியில் நிறுத்தினேன்."

திட்ட முடியவில்லை. ஏனென்றால் போன தீபாவளிக்கு முந்தைய வாரம் நானும் அதே இடத்தில் அதே காரணத்துக்காக நிறுத்தினேன்.

* * *

எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும் வந்த பதில்கள் உங்களுக்கே தெரியும். "இந்த ஊர் ஆட்களுக்கு டிராஃபிக் சென்ஸ் கிடையாது." "டோவிங் வண்டி அனுப்ப வேண்டும்." "ஆட்டோக்காரர்களை முதலில் துரத்த வேண்டும்." நம் தமிழ்க் குடும்பங்கள் குழுவில் கூடுதலாக ஒன்று: "சார், நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கு எதற்கு இந்த வம்பு?"

முதலில் அந்த டிராஃபிக் சென்ஸ் விஷயம். நான் பி.காம் படித்தவன். இருபது வருஷமாக பேங்கில் ஆணி பிடுங்குகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இது: ஒரு கஸ்டமர் தப்பு செய்தால் அது அவர் தப்பு. ஆயிரம் கஸ்டமர்கள் வாராவாரம் ஒரே தப்பைச் செய்தால் தப்பு நாம் கொடுத்த படிவத்தில் இருக்கிறது. உள்ளே நிறுத்த அறுபது ரூபாய், வெளியே ரோட்டில் நிறுத்த இலவசம் என்று நீங்களே விலை வைத்தால் எவன் உள்ளே போவான்? ஜப்பான்காரனைக் கொண்டுவந்து விட்டாலும் மூன்றாவது சனிக்கிழமை ரோட்டில்தான் நிறுத்துவான்.

அந்த அறுபது ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம். கட்டட விதிகளில் எஃப்.ஏ.ஆர். என்று ஒன்று உண்டு. மனை இவ்வளவு பெரிது, அதற்கு இத்தனை மடங்குதான் கட்டலாம் என்கிற கணக்கு. வாடகைக்கு விடக்கூடிய ஒவ்வொரு சதுர அடியும் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் வண்டி நிறுத்தும் பேஸ்மென்ட் அதில் சேராது. ஏன் சேராது? கட்டடத்துக்கு வருகிற வண்டிகளை ரோட்டில் விடாமல் உள்ளே வாங்கிக்கொள்வது கட்டுகிறவரின் கடமை, அந்தக் கடமைக்காக அவர் கடைப் பரப்பை இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான். டெல்லி மாஸ்டர் பிளான் 2021-ஐ எடுத்துப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் ஒரு கார் நிற்க, சரிவுப்பாதை, திரும்பும் இடம் எல்லாம் சேர்த்து 32 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 344 சதுர அடி. நான் முதல் போஸ்டிங்கில் குடியிருந்த அறை இதில் பாதிகூடத் தேறாது.

ஆக, சட்டம் சலுகையாகக் கொடுத்த இடத்துக்கு டிக்கெட் போட்டு விற்கிறார்கள். டிக்கெட்டுக்குப் பயந்து வெளியே நிற்கிற வண்டிக்குப் பொதுச் சாலை. அந்தச் சாலையை அகலப்படுத்த நம் வரிப்பணம். அதில் விழுந்தால் நம் மணிக்கட்டு.

நான் மட்டும் இப்படிப் புலம்பவில்லை. தெலுங்கானா அரசு 2018-ல் ஒரு ஆணை போட்டது. மால்களில் முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் இலவசம், ஒரு மணி நேரம் வரை ஏதாவது வாங்கிய பில்லைக் காட்டினால் இலவசம். குஜராத் உயர்நீதிமன்றம் 2019-ல் மால்களும் மல்டிபிளெக்ஸ்களும் பார்க்கிங் கட்டணமே வாங்கக் கூடாது என்றது. வண்டி நிறுத்த இடம் கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமை என்பதுதான் அங்கேயும் வாதம். எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கேரள உயர்நீதிமன்றம் 2025-ல் கட்டணம் வாங்குவது கட்டட உரிமையாளரின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். சர்வீஸ் லேனில் நடக்கிற கிழவருக்கு எந்த ஊரிலும் எலும்பு ஒன்றுதான்.

* * *

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2005-ல் நான் புரொபேஷனரி ஆபீசராக இங்கே வந்து இறங்கியபோது எம்.ஜி. ரோடுதான் ஊரின் பெருமை. மெஹ்ரோலி-குர்காவ் ரோடு என்பதன் சுருக்கம், காந்தி என்றோ நம் தலைவர் என்றோ நினைத்து ஏமாற வேண்டாம் :-) அந்த ஒரு நீளத்தில் வரிசையாக மால்கள். 'மால் மைல்' என்றே பெயர். பேச்சிலர்கள் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. காற்று வாங்கப் போவோம். வாங்குவது காற்று மட்டும்தான். ஒரு மாலிலிருந்து எதிர் மாலுக்குப் போக நடக்க வழி கிடையாது. டிவைடரைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அல்லது ஆட்டோவில் யூ-டர்ன் அடித்து வர வேண்டும். எதிரில் தெரிகிற கடைக்கு ஆட்டோ பிடித்துப் போன ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த வருஷம், 2006-ல், டெல்லிப் பக்கம் சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைக்க ஆரம்பித்தார்கள். விதிமீறல் கடைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் "எங்களை மூடி மாலுக்கு வழி விடுகிறார்கள்" என்று வியாபாரிகள் கத்திய கத்தல் காதில் இருக்கிறது. அன்று எனக்கு அது வெறும் செய்தி.

அந்த முதல் தலைமுறை மால்கள் என்ன ஆயின தெரியுமா? பலவற்றை பில்டர்கள் கடை கடையாகத் தனித்தனி ஆட்களுக்கு விற்றார்கள். 'மாதாமாதம் வருமானம் நிச்சயம்' என்று ஆசை காட்டினார்கள். ரிட்டயர் ஆன பணத்தைப் போட்டவர்கள் எங்கள் கவுன்ட்டருக்கே வந்திருக்கிறார்கள். நூறு முதலாளிகள் இருக்கிற கட்டடத்தில் எந்தத் தளத்தில் என்ன கடை என்று யார் தீர்மானிப்பது? எஸ்கலேட்டரை யார் ரிப்பேர் செய்வது? பாதிக் கடை காலி, மீதிக் கடையில் கூட்டமில்லை என்று ஆகிப் பல மால்கள் படுத்துவிட்டன. 2010 ஜூனில் மெட்ரோ எம்.ஜி. ரோடு ஸ்டேஷன் மால் வாசலிலேயே வந்து நின்றது. அதற்குப் பிறகும் கீழே ரோட்டில் ஆட்டோவும் காரும் மனிதர்களும் சிக்கிக்கொண்டு நின்றது நின்றபடிதான்.

2008-ல் மாற்றலாகிப் போனவன் 2019 கடைசியில் திரும்பி வந்தேன். மால்கள் எம்.ஜி. ரோட்டை விட்டு எங்களைப் போன்ற புறநகர் செக்டர்களுக்கு வந்துவிட்டிருந்தன. சோனா ரோடு, கோல்ஃப் கோர்ஸ் எக்ஸ்டென்ஷன், இப்போது துவாரகா எக்ஸ்பிரஸ்வே பக்கம். புது பாஷனில் மால் என்று சொல்வதில்லை. 'ஹை ஸ்ட்ரீட்' என்கிறார்கள். அடுக்குமாடிக்கு முன்னால் ரோட்டைப் பார்த்த மாதிரி இரண்டு மூன்று அடுக்குக் கடைகள். பெயரில் ஸ்ட்ரீட் இருக்கிறது. நடக்கத் தெரு இல்லை. முன்பாவது பேஸ்மென்ட் என்று ஒன்று இருந்தது. இப்போது கடைக்கு முன்னால் காரை நேரே கொண்டுவந்து நிறுத்துவதையே வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள்.

கோவிட்டுக்குப் பிறகு இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. டெலிவரிப் பையன்கள். ஃபுட் கோர்ட்டிலிருந்து சாப்பாடு எடுக்க, டார்க் ஸ்டோரிலிருந்து பத்து நிமிஷத்தில் பால் கொடுக்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மால் பக்கவாட்டில் எத்தனை பைக் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கென்று ஒரு சதுர அடி கட்டடத்துக்குள் ஒதுக்கவில்லை. எனவே நடைபாதை. கடைக்கு வருமானம் தருகிறவனுக்கு நிற்க இடம் பஞ்சாயத்து ரோட்டில். தங்கமணி "நீங்க தயிரைக்கூட ஆப்ல ஆர்டர் பண்றீங்க, அந்தப் பசங்களைப் பத்தி எழுதறீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

* * *

அதைவிடப் பெரிய நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

இரண்டு வருஷம் முன்புவரை எங்கள் சொசைட்டி வாசலில் ஆறேழு காய்கறித் தள்ளுவண்டிகள் நிற்கும். இங்கே ரேடி என்பார்கள். அதில் ஒருவர் பீகார்க்காரர். நம் ஆட்கள் முப்பது குடும்பம் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் எங்கிருந்தோ பிடித்து வருவார். அதற்கு முன்பெல்லாம் அதற்காக மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ. மார்க்கெட் போவோம். அப்பாவுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தினமும் அரை மணி நேரம் பேசுவார்கள். அப்பா ஊருக்குப் போன பிறகு "பாபூஜி எப்போது வருவார்?" என்று அவர் என்னைக் கேட்பார்.

மால் திறந்தது. மாலை நேரத்தில் ரோடு அடைத்தது. எங்கள் ரெசிடென்ட்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷன் கூடியது. ஒரு மணி நேரம் பேசி, அடைப்புக்குக் காரணம் தள்ளுவண்டிகள் என்று கண்டுபிடித்தோம். ஆறு தள்ளுவண்டி! முன்னூறு கார் நிற்கிற ரோட்டில்! 'அகற்ற வேண்டும்' என்று ஒரு மனு. அதில் வரிசையாக ஃபிளாட் நம்பர், கையெழுத்து. எங்கள் தமிழ்க் குடும்பங்களில் கையெழுத்துப் போடாதவர்கள் என்று எனக்குத் தெரிந்து இரண்டே வீடுதான்.

என் வீடு அந்த இரண்டில் ஒன்று இல்லை.

அன்றைக்கு அவசரமாக பிராஞ்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், செக்ரட்டரி பேப்பரை நீட்டினார், போட்டேன். படித்தேனா என்றால் படித்தேன். லோன் பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வேறு எப்படிச் சொல்வது? ஒரு வாரத்தில் வண்டிகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். பீகார்க்காரரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. 2014-லேயே தெரு வியாபாரிகள் சட்டம் என்று பார்லிமென்ட் நிறைவேற்றியிருக்கிறது. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, விற்பதற்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். எங்கள் மனுவில் அந்தச் சட்டத்தின் பெயர்கூடக் கிடையாது.

ரோடு இன்றைக்கும் அடைத்தபடிதான் இருக்கிறது. கொத்தமல்லிக்கு மட்டும் அப்பா 400 மீட்டர் போக வேண்டியதாகிவிட்டது.

எனக்கு இன்னொரு பாவமும் உண்டு. இடையில் சில வருஷம் ரீஜனல் ஆபீசில் கடன் பிரிவில் இருந்தேன். மால் முதலாளிகளுக்கு, வரப்போகிற வாடகையை ஈடாக வைத்துக் கடன் கொடுப்போம், லீஸ் ரென்டல் டிஸ்கவுண்டிங் என்று பெயர். அந்த அப்ரைசல் நோட்டுகள் நானே எழுதியிருக்கிறேன். பெரிய கடைகளின் ஒப்பந்தம் எத்தனை வருஷம், காலி இடம் எவ்வளவு, வாடகை வட்டிக்கும் தவணைக்கும் போதுமா, எல்லாம் பக்கம் பக்கமாக. பார்க்கிங் வசூல் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் ஒரு வரி. வெளியே ரோட்டில் யார் எப்படி நடப்பார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. மேலே இருந்து யாரும் கேட்டதும் இல்லை. தீயணைப்புத் துறை சான்றிதழ் இல்லாமல் பணம் விடுவிக்க மாட்டோம். நடந்து வர ஒரு வாசல் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சொசைட்டியில் ஒரு கையெழுத்து, ஆபீசில் சில கையெழுத்து. டிராஃபிக் சென்ஸ் இல்லாதவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

* * *

போன வாரம் மால் மேனேஜரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். டீயும் வந்தது. மாலைச் சுற்றி நாலு வாசல். இரண்டு கார் உள்ளே போக, ஒன்று வெளியே வர, ஒன்று சரக்கு வண்டிக்கு. நடந்து வருகிறவர் கார் வாசலின் ஓரமாகத் தடுப்புக் கட்டையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எங்கள் சொசைட்டியைப் பார்த்த பக்கம் நீளமான கண்ணாடிச் சுவர். அங்கே ஒரு கதவு வையுங்கள் என்றேன். "சார், எங்கள் கஸ்டமர்கள் காரில் வருகிறவர்கள்" என்றார். நடந்து வர வழியில்லாத இடத்துக்கு எல்லோரும் காரில்தானே வருவார்கள்? கிணற்றை மூடிவிட்டு யாரும் தண்ணீர் இறைக்க வருவதில்லை என்று கணக்குக் காட்டுகிற கதை.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு: தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று முன்னால் எவ்வளவு பயம்! ஊருக்குப் போகும்போது போய்ப் பாருங்கள், குழந்தைகள் ஓடுகின்றன. சாந்தினி சௌக்கில் 2021 முதல் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கூடாது. கண்காணிப்பு தளர்ந்தால் பைக்குகள் நுழைந்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனாலும் நடக்க முடிகிறது. இந்த குர்காவே 2013 நவம்பரில் ஞாயிறு காலை ரோட்டைக் காருக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிட்ட ஊர், ராஹ்கிரி என்று பெயர். நாட்டுக்கே வழி காட்டியது. ஞாயிறு காலை முடிந்த காரியம் சனி சாயங்காலம் ஏன் முடியாது?

நான் ஓவர்பிரிட்ஜ் கேட்கவில்லை. மாலை மூடச் சொல்லவில்லை. மூடினால் தங்கமணி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். முதல் அரை மணி நேரம் பார்க்கிங் இலவசம் என்று வைத்தாலே கேக் வாங்க வருகிறவன் உள்ளே போவான். ஆட்டோவும் டெலிவரி பைக்கும் நிற்க மனைக்குள்ளேயே ஒரு பட்டை ஒதுக்கட்டும். கண்ணாடிச் சுவரில் ஒரு கதவு. வெளியே நடைபாதையில் பைக் ஏறாதபடி நாலு கல் தூண். ஒரு மாதப் பார்க்கிங் வசூலே இந்தச் செலவுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

"நமக்கு எதற்கு வம்பு" என்ற நண்பருக்கு: ஐயா, இருபது வருஷ ஹோம் லோன் இந்த ஊரில் போட்டிருக்கிறீர்கள். பேப்பர் பார்த்தவன் நான். இனியும் வெளியூர்க்காரர் என்றால் எப்படி?

வருகிற ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அசோசியேஷன் கூட்டம், கிளப் ஹவுஸில். இரண்டு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். ஒன்று மாலுக்கும் முனிசிபல் கார்ப்பரேஷனுக்கும் மேலே சொன்னதைக் கேட்டு மனு. மற்றொன்று, தள்ளுவண்டிகளை அகற்றச் சொன்ன பழைய மனுவைத் திரும்பப் பெறுவது. இரண்டாவதில் கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று செக்ரட்டரி சொல்கிறார். அப்பா வருவேன் என்கிறார். இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். "உனக்கு ஓட்டு இல்லைப்பா, நீ ரெசிடென்ட் இல்லை" என்றேன். "போடா, விழுந்தது நான்தானே" என்கிறார்.